சவரமும் இரண்டு சொட்டு எண்ணெயும்

என் சிறுவயதில் அப்பாவுக்கு வாரம் இருமுறைதான் சவரம். நாவிதர் வீட்டுக்கே வருவார். படிகாரம் தடவி, முகம் கழுவியதும் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவார்.

அமெரிக்காவில் ஜில்லெட் 1903-இல் விற்ற ரேசர்கள் வெறும் 51. முதல் உலகப்போரில் அந்நாட்டுச் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் வழங்கினார்கள். தினசரிச் சவரம் மெல்ல உலகப் பழக்கமாயிற்று. நாங்களும் ஆபீசுக்காகத் தினமும் மழித்தோம், எண்ணெயை மறந்தோம்.

முகப்பேருக்குக் குடிவந்தபின் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. கடின நீரின் கால்சியத்தோடு சேர்ந்து தோலில் படிந்தது. கன்னம் வறண்டு எரிந்தது. “தாத்தா, சொரசொரன்னு இருக்கு!” என்று பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது குடிதண்ணீரில் ஒரு சொம்பு வெதுவெதுப்பாக்கி, பிரஷ்ஷால் நன்கு நுரைத்து, முடி வளரும் திசையிலேயே மழிக்கிறேன். ஈரம் காயுமுன் அதே இரண்டு சொட்டு எண்ணெய். பேத்தி சமாதானமாகிவிட்டாள்.