ஜெனரல் மோட்டார்ஸ் திவாலும் அரசு மீட்பும் (2008–2009)

அமெரிக்காவின் மிகப் பெரிய கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 2009 ஜூன் 1 அன்று நியூயார்க் திவால் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. மனுவில் காட்டிய கணக்கின்படி அதன் சொத்து 8,229 கோடி டாலர். கடன் 17,281 கோடி டாலர். அதுவரை அமெரிக்காவில் இவ்வளவு பெரிய உற்பத்தி நிறுவனம் எதுவும் திவாலானதில்லை. அமெரிக்க அரசு மொத்தம் 4,950 கோடி டாலர் கொடுத்தது. நாற்பதே நாளில் புதிய ஜி.எம். உருவாகி வெளியே வந்தது. அதற்கு முந்தைய ஏழு மாதங்களும் திவாலா, அரசு உதவியா என்ற வாக்குவாதத்தில் கழிந்தன. கடைசியில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. ஒன்றை விட்டு மற்றொன்று மட்டும் நடந்திருந்தால் நிறுவனம் பிழைத்திருக்காது என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன.

பின்னணி

வில்லியம் டியூரன்ட் 1908 செப்டம்பர் 16 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் தொடங்கிய நிறுவனம் இது. 1931 முதல் 2007 வரை 77 ஆண்டுகள் கார் விற்பனையில் உலகின் முதலிடத்தில் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறையப் பாதி ஜி.எம். கார்கள். 2008இல் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றைச் சற்றே தாண்டி நின்றது.

சரிவுக்குத் தொழிலாளர்களின் கூலியைக் காரணம் காட்டுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நடந்ததை முழுவதும் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் நிற்கும். ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்துடன் ஜி.எம். 1950இல் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 'டெட்ராயிட் உடன்படிக்கை' என்று பெயர் பெற்றது. எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தராத நாட்டில், அந்தப் பொறுப்பையும் ஓய்வூதியத்தையும் நிறுவனமே ஏற்கும் வழக்கத்தை அது வலுப்படுத்தியது. வேலை செய்வோர் அதிகமாகவும் ஓய்வு பெற்றோர் குறைவாகவும் இருந்தவரை சுமை தெரியவில்லை. 2005 வாக்கில் ஓய்வு பெற்றவர்களையும் குடும்பத்தினரையும் சேர்த்துச் சுமார் 11 லட்சம் பேரின் மருத்துவச் செலவு ஜி.எம். கணக்கில் இருந்தது. ஒரு காருக்கு அந்தச் செலவு மட்டும் ஏறத்தாழ 1,500 டாலர் வந்தது. 1988இல் கென்டக்கியில் கார் தயாரிக்கத் தொடங்கிய டொயோட்டாவின் ஆலையில் ஓய்வு பெற்றவர்கள் என்றே சொல்லும்படி யாரும் இல்லை.

மீதிப் பாதி நிர்வாகத்தின் பொறுப்பு. பெரிய பிக்-அப் வண்டிகளிலும் எஸ்.யூ.வி.களிலும் லாபம் கொட்டியதால் சிறிய கார்களை நிறுவனம் அக்கறையோடு செய்யவில்லை. உள்நாட்டில் மட்டும் எட்டுப் பெயர்களில் வண்டி விற்றது. பெயர்ப் பட்டையை மாற்றி ஒரே காரை இரண்டு மூன்று பெயர்களில் விற்பதும் நடந்தது. 2007இல் நட்டம் 3,870 கோடி டாலர். அதில் பெரும்பகுதி வரிக் கணக்கைத் திருத்தியதால் வந்தது என்றாலும், வியாபாரம் கீழே போய்க்கொண்டிருந்தது உண்மை. 2008 ஜூனில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியதும் பெரிய வண்டிகளை வாங்க ஆளில்லை. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாள் ஜி.எம்.முக்கு நூறாவது பிறந்தநாள்.

திவாலா, உதவியா?

2008 நவம்பர் 7 அன்று ஜி.எம். தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னது: ஆண்டு முடிவதற்குள், அன்றாடம் நிறுவனத்தை நடத்தத் தேவையான குறைந்தபட்ச ரொக்கமே கைவசம் இருக்காது. அன்றிலிருந்து இரண்டு கட்சிகள் உருவாயின.

திவால் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்றவர்கள் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தைக் காட்டினார்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்துவது போன்றதல்ல அது. கடன்காரர்களை நீதிமன்றம் தடுத்து நிறுத்தும். நிறுவனம் தொடர்ந்து ஓடும். கட்டுப்படியாகாத ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம். விமான நிறுவனங்கள் பல இப்படித்தான் தப்பின. மிச்சிகன் ஆளுநராக இருந்த ஜார்ஜ் ராம்னி ஒரு காலத்தில் கார் நிறுவனம் ஒன்றை நடத்தியவர். அவருடைய மகன் மிட் ராம்னி அந்த நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதே வாதத்தை எழுதினார்.

ஜி.எம். தலைவர் ரிக் வேகனர் அதற்கு உடன்படவில்லை. திவாலான விமான நிறுவனத்தில் டிக்கெட் வாங்குபவருக்கு அன்றைய பயணம் நடந்தால் போதும். கார் வாங்குபவர் பல ஆண்டுகளுக்கு உத்தரவாதத்தையும் உதிரிபாகத்தையும் எதிர்பார்க்கிறார், விற்கும்போது விலை கிடைக்க வேண்டும் என்றும் நினைக்கிறார். திவால் என்ற பேச்சு வந்தாலே விற்பனை நின்றுவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் அதையே காரணமாக வைத்துத் திவாலுக்கான எந்த ஏற்பாட்டையும் செய்யாமல் இருந்தது பெரிய தவறு. பின்னர் வந்த அரசுக் குழுவும் இதையே குறையாகச் சொன்னது.

இரண்டு தரப்பும் போதுமான அளவு பேசாத விஷயம் ஒன்று உண்டு. 11ஆம் அத்தியாயத்தில் நிறுவனம் ஓட வேண்டுமானால் அந்தக் காலத்துச் சம்பளத்துக்கும் இரும்புக்கும் யாராவது கடன் தர வேண்டும். மற்ற கடன்களுக்கு முன்னால் இந்தக் கடனைத் திருப்பித் தருவதாக நீதிமன்றம் உறுதி கொடுக்கும். சாதாரண காலத்தில் வங்கிகள் இதைப் போட்டி போட்டுக்கொண்டு கொடுக்கும். 2008 குளிர்காலத்தில் வங்கிகளே அரசின் பணத்தில்தான் உயிரோடு இருந்தன. ஜி.எம்.முக்குத் தேவைப்பட்டதோ ஆயிரக்கணக்கான கோடி டாலர். அந்தக் கடன் இல்லாமல் மனு போட்டிருந்தால் மறுசீரமைப்புக்கு வழியே இருந்திருக்காது. ஆலைகளை மூடி, இயந்திரங்களை ஏலத்துக்கு விட்டிருப்பார்கள். ஜி.எம்.முக்குப் பாகம் செய்பவர்களே ஃபோர்டுக்கும் ஜப்பானிய ஆலைகளுக்கும் செய்துகொண்டிருந்தார்கள். அரசின் மீட்புக் கடனை வாங்காத ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலி போட்டியாளர்களுக்காக வாஷிங்டனில் வாதாடியது அதனால்தான்.

வாஷிங்டனில்

நவம்பர் 18, 19 தேதிகளில் ஜி.எம்., ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவர்கள் மூவரும் 2,500 கோடி டாலர் கேட்டுக் காங்கிரஸ் குழுக்களின் முன் வந்தார்கள். மூவரும் தனித்தனியாகச் சொந்த நிறுவன விமானத்தில் வந்திறங்கியது தெரிந்ததும் நாடே கொதித்தது. கையில் திட்டமும் இல்லை. திரும்பிப் போய்த் திட்டத்தோடு வரச் சொன்னார்கள். டிசம்பர் தொடக்கத்தில் டெட்ராயிட்டிலிருந்து காரிலேயே வந்தார்கள். இம்முறை கேட்டது 3,400 கோடி. ஜி.எம்.முக்கு மட்டும் டிசம்பர் முடிவதற்குள் 400 கோடி வேண்டியிருந்தது.

பிரதிநிதிகள் சபை 1,400 கோடி டாலர் மசோதாவை 237க்கு 170 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட்டில் அது விழுந்தது. கூலியை ஜப்பானிய ஆலைகளின் அளவுக்கு எப்போது குறைப்பது என்பதில் பேச்சு முறிந்தது. டிசம்பர் 19 அன்று, பதவியில் ஒரு மாதமே மீதமிருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், வங்கிகளுக்காக ஒதுக்கிய 70,000 கோடி டாலரிலிருந்து ஜி.எம்.முக்கு 1,340 கோடியும் கிரைஸ்லருக்கு 400 கோடியும் கடன் கொடுத்தார். சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்று நம்பிய கட்சியின் அதிபர் அவர். நிறுவனம் அன்றே சாயாமல் நின்றது அந்த முடிவால்தான். அதற்குரிய பெருமையை அவருக்குத் தர வேண்டும்.

நான்கு நாள் கழித்து, விஸ்கான்சின் மாநிலம் ஜேன்ஸ்வில்லில் 1923 முதல் ஜி.எம்.மின் செவர்லே வண்டிகளைச் செய்த ஆலையில் எஸ்.யூ.வி. உற்பத்தி நின்றது. கடன் கிடைத்ததால் எல்லா ஆலையும் பிழைத்துவிடவில்லை.

ஒபாமாவின் குழுவும் நாற்பது நாளும்

புதிய அதிபர் பராக் ஒபாமா அமைத்த குழுவில் முதலீட்டுத் துறையிலிருந்து வந்த ஸ்டீவன் ராட்னரும், தொழிற்சங்கங்களோடு நெடுங்காலம் வேலை செய்த ரான் புளூமும் முக்கியமானவர்கள். ஜி.எம். பிப்ரவரியில் கொடுத்த திட்டம் தேறாது என்று குழு முடிவு செய்தது. மார்ச் 30 அன்று ஒபாமா 60 நாள் கெடு விதித்தார். வேகனர் பதவி விலக நேர்ந்தது. ஃபிரிட்ஸ் ஹெண்டர்சன் பொறுப்பேற்றார். அதே நாளில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: ஜி.எம்., கிரைஸ்லர் கார்களின் உத்தரவாதத்துக்கு அரசே பொறுப்பு. வாங்குபவரின் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஏற்பாடு இது. திவால் என்றால் விற்பனை செத்துவிடும் என்ற வாதத்தின் பலம் அன்றோடு பெரிதும் குறைந்தது.

2,700 கோடி டாலர் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களிடம், அதை விட்டுக்கொடுத்துப் புதிய நிறுவனத்தில் 10 சதவீதப் பங்கு வாங்கிக்கொள்ளும்படி கேட்டது ஜி.எம். போதிய பேர் சம்மதிக்கவில்லை. மே கடைசியில் பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது.

ஜூன் 1 அன்று மனு போட்டபோது முதலில் பதிவான பெயர் ஜெனரல் மோட்டார்ஸ் அல்ல. மன்ஹாட்டனில் அதற்குச் சொந்தமாக இருந்த சிறிய விற்பனைக் கடை, ஹார்லெம் செவர்லே-சாட்டர்ன். அந்தக் கடை நியூயார்க் நீதிமன்ற எல்லைக்குள் இருந்ததால், அதன் பின்னால் டெட்ராயிட் தலைமையகமும் அதே நீதிமன்றத்துக்கு வர முடிந்தது. பெரிய திவால் வழக்குகளில் பழகிய நீதிபதிகள் அங்கே இருந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருந்த கிளைகள் வழக்கில் சேரவில்லை. இந்தியாவில் செவர்லே விற்ற கிளையும் தப்பியது, அது 2017 வரை இங்கே கார் விற்றது.

வழக்கின் வேகத்துக்குக் காரணம் திவால் சட்டத்தின் 363ஆம் பிரிவு. நல்ல ஆலைகள், நான்கு பெயர்கள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் அரசு அமைத்த புதிய நிறுவனம் விலைக்கு வாங்கியது. வேண்டாத ஆலைகளும் பழைய கடன்களும் பழைய நிறுவனத்திலேயே தங்கின. வேறு வாங்குபவர் யாரும் இல்லை, இந்த விற்பனை நடக்காவிட்டால் கலைப்புதான் என்று கண்ட நீதிபதி ராபர்ட் கெர்பர் ஜூலை 5 அன்று அனுமதி கொடுத்தார். ஜூலை 10 அன்று விற்பனை முடிந்தது. புதிய நிறுவனத்தில் அமெரிக்கக் கருவூலத்துக்கு 60.8, சங்கத்தின் ஓய்வு பெற்றோர் மருத்துவ நிதிக்கு 17.5, கனடா நாட்டு அரசுக்கும் ஒன்டாரியோ மாநில அரசுக்கும் 11.7, பழைய கடன்காரர்களுக்கு 10 சதவீதம்.

யாருக்கு என்ன ஆனது?

பழைய பங்குகள் வெறும் காகிதமாயின. எட்டுப் பெயர்களில் போன்டியாக்கும் சாட்டர்னும் மறைந்தன. ஹம்மரை விற்க எடுத்த முயற்சி தோற்றது. டச்சு நிறுவனத்துக்கு விற்ற சாப் 2011இல் தானே திவாலானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீலர்களுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் போனது. பல ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாக நடந்த கடைகள் அவை. வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்யும் மூத்தவரின் கூலியில் ஏறக்குறையப் பாதிக்கு உழைத்தார்கள். இந்த இரட்டைக் கூலி முறை 2007 ஒப்பந்தத்திலேயே வந்தது என்றாலும் மீட்பு அதை நிலைப்படுத்தியது.

அரசு 2010 நவம்பரில் பங்குகளை 33 டாலர் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடைசிப் பங்கை 2013 டிசம்பரில் விற்றது. கணக்கு முடிந்தபோது வரிப்பணத்தில் சுமார் 1,120 கோடி டாலர் நட்டம். கிரைஸ்லருக்கு 1980இல் அரசு கொடுத்த கடன் உத்தரவாதத்தில் அதன் தலைவர் லீ ஐயகோக்கா மூன்றே ஆண்டில் கணக்கைத் தீர்த்தார், அரசுக்கு லாபமும் வந்தது. அதோடு ஒப்பிட்டு ஜி.எம். மீட்பைத் தோல்வி என்பவர்கள் உண்டு. பிரிட்டனின் கார் நிறுவனமான எம்.ஜி. ரோவரையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2005இல் அது விழுந்தபோது லாங்பிரிட்ஜ் ஆலையில் ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தார்கள். ஜி.எம். அதைப்போலப் பல மடங்கு பெரியது.

பணக்கணக்கைவிடக் கடினமான கேள்வியை எழுப்பியது 2014. செவர்லே கோபால்ட் முதலிய சிறிய கார்களில் சாவி போடும் சுவிட்ச் ஓட்டத்தின் நடுவே தானாக நழுவியது. எஞ்சின் நின்றது, மோதலின்போது காற்றுப்பை விரியவில்லை. 26 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. அது அமைத்த இழப்பீட்டு நிதி 124 இறப்புகளை ஏற்றது. நிறுவனத்தின் உள்ளே சிலருக்குத் திவாலுக்கு முன்பே தெரிந்த குறை இது. பழைய பொறுப்புகள் புதிய நிறுவனத்தைத் தொடா என்ற 2009 உத்தரவை ஜி.எம். கேடயமாகப் பிடித்தது. குறையை அறிவிக்காமல் மறைத்துவிட்டு அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் சொன்னது. நாற்பது நாள் வேகத்தில் நீதிமன்றத்தின் முன் வராமலே போனவர்கள் இந்தக் கார்களை ஓட்டியவர்கள்.

இன்னொரு கூட்டத்தாருக்கு அப்படித் தீர்ப்பு கிடைக்கவில்லை. ஜி.எம்.மின் உதிரிபாகப் பிரிவாக இருந்து 1999இல் தனியாகப் பிரிந்த டெல்ஃபை நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டங்கள் 2009இல் கைவிடப்பட்டன. சங்கத் தொழிலாளர்களின் குறையை, பழைய ஒப்பந்தத்தின்படி, புதிய ஜி.எம். ஈடு செய்தது. சங்கத்தில் இல்லாத எழுத்தர்கள், பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள் என்று சுமார் 20,000 பேருக்கு அந்த ஈடு இல்லை. அவர்களில் பலருடைய ஓய்வூதியம் வெட்டப்பட்டது. ஒரே ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருவரில் ஒருவருக்கு முழுத்தொகையும் மற்றவருக்கு வெட்டிய தொகையும் வந்தன. பத்தாண்டுக்கும் மேலாக அவர்கள் வழக்கு நடத்தினார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவை விசாரிக்க மறுத்தது.