தஞ்சைப் பெரிய கோயில் ஒளிப்படங்களும் தோற்றச் சிதைவுத் திருத்தமும்

உயரமான கட்டடத்தை அருகில் நின்று, கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் படமெடுத்தால், அதன் செங்குத்துக் கோடுகள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கும். கட்டடம் பின்னோக்கிச் சாய்வதுபோல் தெரியும். இது தோற்றச் சிதைவு எனப்படும். இதனைத் தவிர்க்கும் முயற்சி கணினிக்கு மிக முந்தையது.

தொடக்ககால ஒளிப்படங்கள்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுப்படங்களை இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இத்தகைய பதிவில் கேமரா சுவருக்கு நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் எழுத்துகள் ஒருபுறம் சிறுத்துவிடும்.

கருவிவழித் திருத்தம்

படம் விழும் தளம் கட்டடத்துக்கு இணையாக இருந்தால் செங்குத்துக் கோடுகள் நெருங்குவதில்லை. ஆகவே பழைய பெட்டிக் கேமராக்களில் பின்பலகையை நிமிர்த்தி வைத்து, லென்ஸை மட்டும் மேலே உயர்த்தினர். 1960-களில் நிக்கான் நிறுவனம் சிறிய கேமராக்களுக்கும் இவ்வாறு நகரும் லென்ஸை வெளியிட்டது.

மென்பொருள்வழித் திருத்தம்

போட்டோஷாப், கிம்ப், ஹக்கின் போன்ற மென்பொருள்கள் இதே வேலையைக் கணக்கீட்டால் செய்கின்றன. உண்மையில் செங்குத்தான கோடுகளைப் பயனர் குறித்தால், அவை இணையாகும்படி படம் மாற்றி அமைக்கப்படுகிறது. மேற்பகுதி அகலமாக இழுக்கப்படுவதால் அங்கே நுணுக்கம் குறையும். ஓரங்களையும் வெட்ட நேரும்.

தஞ்சை விமானத்தில் கவனிக்க வேண்டியவை

முதலாம் இராசராசன் எழுப்பிய இவ்விமானத்தில் கருவறைச் சுவர்கள் செங்குத்தானவை. அவற்றின் மேலுள்ள 13 தளங்களோ படிப்படியாகக் குறுகுபவை. எனவே சுவரின் அரைத்தூண்களையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். தளங்களின் சரிவான விளிம்பைச் சிதைவு எனக் கருதி நிமிர்த்தினால், சோழர் வடிவமைத்த குறுக்கமே படத்திலிருந்து மறைந்துவிடும். கேரளாந்தகன், இராசராசன் திருவாயில்களின் மேல்நிலைகளுக்கும் இது பொருந்தும்.

மேலும், அருகிலிருந்து எடுத்த படத்தில் கீழ்த்தளங்களால் மறைக்கப்பட்ட பகுதிகளை எந்தத் திருத்தமும் மீட்டுத் தராது. அதற்குத் தொலைவிலிருந்தோ உயரத்திலிருந்தோ எடுத்த வேறு படம் தேவை. திருத்திய படம் பார்வைக்கு உகந்தது. ஆனால் அதிலிருந்து மட்டும் விமானத்தின் உயர அகல விகிதத்தைக் கணக்கிட்டால் பிழை நேரலாம். ஆதலால் ஆவணப் பதிவில் மூலப்படத்தையும் மாற்றாமல் பாதுகாப்பது இன்றியமையாதது.