கைவிளக்கும் கணக்குப் புத்தகமும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்று பள்ளிப் பாடத்தில் படித்ததுதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் கையில் கணக்குப் புத்தகமும் இருந்தது பலருக்குத் தெரியாது.

1853ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு அவர் கண்காணிப்பாளர் ஆனார். வரவு செலவை அவரே பார்த்தார். மளிகையைச் சில்லறையாக வாங்குவதை நிறுத்தி மொத்தமாக வாங்கினார்.

அடுத்த ஆண்டு, கிரிமியப் போரின்போது, 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். காயம்பட்ட வீரர்களுக்கு மாற்றுச் சட்டைகூட இல்லை. கிடங்கில் பொருள் இருந்தாலும் அதிகாரிகளின் உத்தரவு இல்லாமல் வெளியே வராது. நைட்டிங்கேலிடமோ 'டைம்ஸ்' நாளிதழ் திரட்டிய நிதியைச் செலவிட வழி இருந்தது. அந்தப் பணத்தில் சட்டைகள் வாங்கினார். ஒரு வீட்டை எடுத்து, கொதிகலன் வைத்து, வீரர்களின் மனைவியரைக் கொண்டு துணி துவைக்க ஏற்பாடு செய்தார்.

பணம் மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. 1855ல் சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைச் சீர்செய்த பிறகுதான் சாவு வெகுவாகக் குறைந்தது. எங்கே செலவு செய்தால் உயிர் பிழைக்கும் என்பதை எண்களால் காட்ட வேண்டும் என்று அவர் பிறகு வலியுறுத்தினார்.

1983ல் அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் நோய்க்கு இவ்வளவு என்று நிலையான தொகை தரும் முறைக்கு மாறியது. மருத்துவமனைகள் செலவைக் குறைக்கத் தொடங்கின. வார்டு பட்ஜெட் தலைமைச் செவிலியர்களின் பொறுப்பானது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் நோயாளி பாதிக்கப்படுவார் என்று கணக்கோடு பேசத் தெரியாவிட்டால், அந்த முடிவை வார்டையே பார்க்காத ஒருவர் எடுத்துவிடுவார்.