காலையுணவில் முட்டை: ஒரு வரலாற்றுப் பார்வை

செம்பனைத் தோட்டங்களின் ஓரமாக அதிகாலையில் நடந்தவர்கள் காட்டுக்கோழியைக் கண்டிருப்பர். ஆளரவம் கேட்டதும் அது புதருக்குள் ஓடி மறைந்துவிடும். உலகெங்கும் இன்று வளர்க்கப்பெறும் வீட்டுக்கோழிகளுக்கு மூதாதை இப்பறவையினமே. மனிதன் அதனைப் பழக்கி வளர்த்தமைக்கு மிகப் பழைய உறுதியான சான்று நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் எனும் இடத்தில் கிடைத்ததென்றும், அதன் காலம் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்றும் 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கூறுகிறது. நெல் விளைந்த புலங்களை நாடிவந்த காட்டுக்கோழியே நாளடைவில் வீட்டுக்கோழி ஆயிற்று என்பது அவ்வாய்வாளர்தம் கருத்து. ஆகவே, முட்டையின் கதை நம் அண்டையிலேயே தொடங்குகிறது எனலாம்.

எனினும், இந்நாட்டுத் தமிழரின் காலையுணவில் முட்டை இடம்பெற்றது மிக அண்மைக் காலத்தில்தான். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஓடிய பால்மரத் தொழிலாளி ஒரு குவளைக் கடுங்கோப்பியோடு புறப்பட்டார். பழையதோ ரொட்டியோ பிறகுதான். லயத்தின் பின்புறம் கோழி வளர்க்காத வீடு அரிது. ஆயினும் முட்டை அடுப்பேறுவது அதனினும் அரிது. என் தாயார் உமி பரப்பிய பானையில் முட்டைகளை அடுக்கிவைப்பார். பாதி அடைக்கு, பாதி கடைக்கு என்பது அவர் கணக்கு. கடைக்குப் போன முட்டை உப்பாகவும் மிளகாயாகவும் மண்ணெண்ணெயாகவும் திரும்பி வரும். காய்ச்சலில் கிடந்து எழுந்த பின்னும் தேர்வு நாளன்றும் மட்டுமே எங்களுக்கு அவித்த முட்டை கிட்டிற்று. அதனால் நெடுங்காலம் முட்டையின் மணமும் தேர்வின் நடுக்கமும் என் நினைவில் ஒன்றாகவே இருந்தன.

முட்டையை உணவாக அன்றி மருந்தாகவே நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இன்னொரு வழக்கமும் சான்று. பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு கொடுப்பர். உடலுக்கு வலுவூட்ட வேண்டும் எனும் நோக்கம் சரியானதே, முறைதான் ஆராயத்தக்கது. பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவே செரிக்கிறது, வேகவைத்த முட்டையிலோ 90 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகச் செரிக்கிறது எனப் பெல்ஜிய நாட்டினர் 1998இல் ஒரு சிறு ஆய்வின்வழிக் கண்டனர். மேலும், பச்சை வெண்கருவிலுள்ள அவிடின் எனும் பொருள், பயோட்டின் எனும் உயிர்ச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வெப்பம்தான் அதன் பிடியைத் தளர்த்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய நம் சகோதரியர் பட்ட பாட்டில் பாதி வீண்தான் போலும்.

முட்டையைக் காலையுணவாக நகர மக்களுக்குப் பழக்கிய பெருமை ஹைனான் தீவிலிருந்து வந்த சீனருக்கே உரியது. சீனக் குழுக்களுள் இவர்கள் பிந்தி வந்தவர்கள். வாணிகத் துறைகளில் மற்றவர் முந்திக்கொண்டமையால், ஆங்கிலேயரின் மாளிகைகளிலும் கப்பல்களிலும் தங்குவிடுதிகளிலும் சமையற்காரராகவும் பணியாளராகவும் இவர்கள் அமர்ந்தனர். வாட்டிய ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை எனும் துரைமாரின் காலையுணவை அங்கே கற்றனர். கற்றதை அப்படியே விற்றார்களா எனின், இல்லை. பழக்கூழுக்கு மாற்றாக முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டிய காயாவை ரொட்டியில் தடவினர்; முட்டையின்மேல் உப்புக்குப் பதில் கிச்சாப்பும் வெள்ளை மிளகுத்தூளும் தூவினர். கோலாலம்பூரில் 1928இல் தொடங்கிய யுட் கீ போன்ற கடைகள் இம்மரபில் வந்தவை. 1930களின் பொருளாதார மந்தத்தால் மாளிகை வேலைகள் குறைந்தபோது, மேலும் பலர் கோப்பிக்கடை வைத்துப் பிழைக்க முற்பட்டனர். துரையின் மேசையில் இருந்த உணவு சில காசுகளுக்குக் கூலியாளின் கைக்கு எட்டியது அப்போதுதான்.

அரைவேக்காட்டு முட்டை எளிதாகத் தோன்றினும் அதனுள் ஒரு நுட்பம் உண்டு. வெண்கருவின் புரதங்களுள் ஒன்று 62 பாகை செல்சியசு அளவில் இறுகத் தொடங்கும். அதன் பெரும்பகுதியாகிய ஓவல்புமின் 80 பாகையை நெருங்கினால்தான் இறுகும். மஞ்சள்கரு தடிப்பது 65 முதல் 70 பாகைக்குள். கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி, முட்டையை இட்டு மூடிவைத்தால், நீர் ஆறிக்கொண்டே வர, ஓட்டினுள் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். வெண்கரு பாதி இறுகி, மஞ்சள்கரு இளகியே இருக்கும் அந்த வேளையில் எடுத்துவிட வேண்டும். வெப்பமானி அறியாத கடைக்காரர் இதனைக் கைப்பழக்கத்தாலேயே கண்டுகொண்டார்.

இளகிய முட்டைக்கு ஓர் இடர் உண்டு. சால்மொனெல்லா எனும் நுண்ணுயிர் ஓட்டின்மேல் மட்டுமன்றி உள்ளேயும் இருக்கக்கூடும். 1988 டிசம்பரில் பிரிட்டனில் இதுபற்றிப் பேசிய துணை அமைச்சர் எட்வினா கரி பதவி விலக நேர்ந்தது. முட்டை விற்பனையும் சரிந்தது. அந்நாட்டார் பின்னர்க் கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டு, முத்திரையிட்ட முட்டைகளைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இளகியதாகவே உண்ணலாம் என்று 2017இல் அறிவித்தனர். அவ்வறிவிப்பு அந்நாட்டு முத்திரைக்கு மட்டுமே பொருந்தும். நம் இல்லங்களில் கருவுற்றோர், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு முட்டையை முழுதும் வேகவைத்துக் கொடுப்பதே தக்கது.

இதனினும் பெரிய பழி கொழுப்பைப் பற்றியது. 1913இல் உருசிய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். முயல் புல்லுண்ணி என்பதைப் பலரும் மறந்தனர். 1968இல் அமெரிக்க இதய நலச் சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்குமேல் வேண்டாம் என்றது. 1984இல் டைம் இதழின் அட்டையில் இரு பொரித்த முட்டைகள் கண்களாகவும் பன்றியிறைச்சித் துண்டு கவிழ்ந்த வாயாகவும் அமைந்த சோகமுகம் வெளிவந்தது. ஒரு மஞ்சள்கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு என்பது உண்மையே. ஆயின், நம் இரத்தத்திலுள்ளதன் பெரும்பகுதியைக் கல்லீரலே ஆக்குகிறது. நிறைகொழுப்பு மிகுந்த உணவே அதனை மிகுதியும் உயர்த்துகிறது. நாளைக்கு 300 மில்லிகிராம் எனும் வரம்பை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டது. இதய நோயும் நீரிழிவும் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

அரை நூற்றாண்டுக் காலம் நாம் முட்டையை விசாரித்துக்கொண்டிருந்தபோது, அதன் பக்கத்தில் இருந்தவற்றை விசாரிக்க மறந்தோம். காயாவில் சீனி, கோப்பியில் கெட்டிப்பால், ரொட்டியின் நடுவே கட்டி வெண்ணெய். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரே முன்னணியில் நின்றனர். முன்னணியில் நிற்க வேறு துறைகள் எத்தனையோ இருக்க, நமக்கு வாய்த்தது இது. ஆறு கிராம் புரதம் தரும் ஒரு முட்டையை ஒதுக்கிவிட்டு இரண்டு ரொட்டி சானாயை விழுங்கி எழுந்தவர்களை நான் நிரம்பக் கண்டிருக்கிறேன்.

என் இல்லத்தில் இப்போது முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கி, இரு முட்டைகளோடு அடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மூடிவைத்து வேகவைக்கிறோம். எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிக்கும் பழக்கம் நின்றுவிட்டது. வாரத்தில் ஒருநாள் பழைய கோப்பிக்கடைக்குப் போவதுமுண்டு. ஓட்டைத் தட்டி உடைத்து, மிளகுத்தூள் தூவி, சீனியும் பாலும் இல்லாத கோப்பி ஒன்று கேட்பேன். எண்பதைக் கடந்த அந்தக் கடைக்காரர், “கோசோங்?” என்று இன்றும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உள்ளே போகிறார்.