எடையும் மதிப்பும்

அமெரிக்க நாட்டில் பெண்கள் கல்லூரி வாயிலை மிதித்த தொடக்கக் காலத்தில், அவர்தம் அறிவைக் காட்டிலும் உடலே மிகுதியாக ஆராயப்பட்டது. 1873ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூலை வெளியிட்டார். ஆடவருக்குரிய கடுங்கல்வியைப் பெண்ணுக்கும் அளித்தால், அவளுடைய ஆற்றல் மூளைக்கே செலவாகித் தாய்மைக்குரிய உறுப்புகள் வளர்ச்சி குன்றும் என்பது அவர் கருத்து.

ஆடவர் உடல்நலத்தையும் கல்லூரிகள் எண்ணாமல் இல்லை. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் எட்வர்ட் ஹிட்ச்காக் 1861 முதல் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து, உடற்பயிற்சி அளித்து வந்தார். ஆடவன் நலிந்தால் பயிற்சி. பெண் நலிந்தால் படிப்பையே குறைத்தல்! நடுவுநிலை பிறழ்ந்த மருத்துவம் இது.

இந்நிலையில்தான் 1875இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் ஊரில் ஸ்மித் மகளிர் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்குப் பயின்ற பெண்கள் தம் எடை கூடியதைப் பெற்றோர்க்குப் பெருமிதத்தோடு எழுதினர். ஏறிய ஒவ்வோர் இராத்தலும் கிளார்க்குக்கு அளித்த மறுமொழியாயிற்று. மகள் இளைத்துவிட்டாள் என்று அறிந்தால், தாய் அவளை வீட்டுக்கே அழைத்துக்கொள்ளக்கூடும் அன்றோ? பட்டம் பெற்ற பெண்களின் சங்கமும் வாளாவிருக்கவில்லை. அது 705 பட்டதாரிப் பெண்களிடம் உடல்நலம் குறித்து வினவித் திரட்டிய செய்திகள் 1885இல் வெளிவந்தன. அவர்களுள் பெரும்பாலோர் நலமுடனேயே இருந்தனர்.

ஐம்பது ஆண்டுகள் கழிவதற்குள் காற்று திசை மாறியது. நேராகத் தொங்கும் மெல்லுடை புதுப்பாணியாயிற்று. கடைகளில் அளவு குறித்த ஆயத்த ஆடைகள் பெருகின. 1918இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் எழுதிய நூல், உணவைக் கலோரிக் கணக்கில் எண்ணும் வழக்கத்தை இல்லந்தோறும் பரப்பிற்று. கல்வி கற்கும் உரிமையை ஏறத்தாழ வென்றுவிட்ட தலைமுறை, தட்டில் உள்ள சோற்றுக்கு அஞ்சத் தொடங்கியது. பாட்டி மார்தட்டிச் சொன்ன எடையைப் பேத்தி மறைத்தாள். எண் மாறவில்லை, அதனை மதிப்பிடும் கண்ணே மாறியது.

தன்மதிப்பை அளக்கும் பத்து வாசகங்களை மாரிஸ் ரோசன்பர்க் என்னும் சமூகவியலார் வகுத்தளித்தது 1965இல்தான். ஆயினும், 1924இலேயே ஸ்மித் கல்லூரி மாணவியர் இதழில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வெளிவந்தது. கடும் பட்டினியை உடனே தடுக்காவிடின், கொடியிடைக்கன்று, வாடி வதங்கிய முகங்களுக்கே இக்கல்லூரி பெயர் பெறும் என்று அது கூறியது.