சந்திரபானு – வீரபாண்டியன் போர்

சந்திரபானு – வீரபாண்டியன் போர் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் வடபகுதி யாருக்கு உரியது என்ற பிணக்கில் மூண்டது. மலாய்த் தீபகற்பத்திலிருந்து வந்த சாவகர், தம்பதெனியவின் சிங்கள அரசர், மதுரைப் பாண்டியர் ஆகிய மூன்று தரப்பினர் இதில் மோதினர். ஏறத்தாழ 1262–1264 காலப்பகுதியில் போர் முடிவுக்கு வந்தது. வெற்றிபெற்ற சடையவர்மன் வீரபாண்டியன் திருகோணமலையில் தன் குலச் சின்னமான இரட்டைக் கயலைப் பொறித்தான்.

பின்னணி

1215இல் கலிங்க மாகன் சிங்களத் தலைநகர் பொலன்னறுவையைக் கைப்பற்றியதோடு, வடபகுதியான இராசரட்டையின் பழைய ஆட்சி குலைந்தது. கந்தளாய், பதவியா, குருந்தி, மாதோட்டம் முதலிய இடங்களில் அவனுடைய படைகள் நிலைகொண்டிருந்தன. சிங்கள அரசு தெற்கே தம்பதெனியவுக்கு நகர்ந்தது. திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் கோணமலையின் மதிப்பு மட்டும் குறையவில்லை. சக ஆண்டு 1145இல், அதாவது 1223இல், சோடகங்கன் என்பவன் இலங்கைக்கு வந்த செய்தியைச் சொல்லும் கிரந்த எழுத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு இங்கேயே கிடைத்திருக்கிறது.

சாவகர் வருகை

சாவகரின் தலைவனான சந்திரபானு மலாய்த் தீபகற்பத்திலிருந்த தாம்பிரலிங்க நாட்டு அரசன். அந்நாடு இன்றைய தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் பகுதி. அவன் பெயர் பொறித்த 1230ஆம் ஆண்டுக் கல்வெட்டு சையாவில் உள்ளது. 1247இல், தம்பதெனிய அரசன் இரண்டாம் பராக்கிரமபாகுவின் 11ஆம் ஆட்சியாண்டில், அவன் இலங்கையில் படை இறக்கினான். சாவகர் நஞ்சு தோய்த்த அம்புகளை எய்ததாக இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. பராக்கிரமபாகுவின் மருமகன் வீரபாகு அவர்களை முறியடித்தான். ஆனாலும் சாவகர் தீவை விட்டுப் போய்விடவில்லை. பின்னர் வடபகுதியில் தமக்கென ஓர் அரசை அமைத்துக்கொண்டனர்.

1258 அளவில் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் இலங்கை மீது மேலாண்மை நாட்டி முத்தும் யானையும் திறையாகப் பெற்றான். அதற்குப் பின் வடக்கே யார் ஆண்டாலும் மதுரையின் இசைவு வேண்டும் என்ற நிலை வந்தது.

இரண்டாம் படையெடுப்பு

சந்திரபானு மீண்டும் கிளம்பியபோது தமிழ்ப் படைவீரரும் அவனோடு இருந்தனர். மாதோட்டத்தில் இறங்கி, பதவியா, குருந்திப் பகுதிச் சிங்களவரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, சிங்களரின் கோட்டையான யாப்பகுவ நோக்கி நடந்தான். புத்தரின் புனிதப் பல்லையும் திருவோட்டையும் ஆட்சியையும் தன்னிடம் ஒப்படைக்கும்படி தூது அனுப்பினான். அந்தச் சின்னங்களை வைத்திருப்பவனே தீவின் முறையான அரசன் என்பது அக்கால நம்பிக்கை. எனவே அவன் கேட்டது முழு இலங்கையையும்தான்.

வீரபாண்டியன் இதில் தலையிட்டான். இலங்கை அமைச்சர் ஒருவர் உதவி வேண்டியதே அதற்குக் காரணம் என்று பாண்டியர் தரப்புச் சான்று சொல்கிறது.

சான்றுகளின் முரண்

பராக்கிரமபாகுவின் மகன் இளவரசன் விஜயபாகுவும் வீரபாகுவும் சாவகனை வென்று துரத்தினார்கள் என்று எழுதும் சூளவம்சம், பாண்டியரின் உதவியைக் குறிப்பிடவே இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டோ முழு வெற்றியையும் வீரபாண்டியனுக்கே கொடுக்கிறது. இலங்கையின் இரு வேந்தரில் ஒருவனை அவன் கொன்றான் என்றும், கோணமலையிலும் திரிகூடகிரியிலும் இரு கயல் எழுதினான் என்றும், முதலில் பணிய மறுத்த சாவகன் மைந்தன் பிறகு அடிபணிந்து யானைகளைத் திறையாகச் செலுத்தினான் என்றும் அது கூறுகிறது. கொல்லப்பட்டவன் சந்திரபானு என்றே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். மைந்தனுக்குத் தந்தையின் நாடே திருப்பித் தரப்பட்டது. பாண்டியன் நாடிய ஆதாயம் நிலத்தைத் தானே ஆள்வதில் இல்லை, ஆள்பவனைத் தன் கீழ் வைத்திருப்பதில்தான் என்பதை இது காட்டுகிறது. கோணமலையில் பொறித்த கயலும் அந்த மேலாண்மைக்கான முத்திரைதான். கிழக்குத் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கும் கோயிலுக்கு வரும் அடியாருக்கும் அந்த மலை தப்பாமல் தெரியும்.

கோட்டை வாசல் கயல்

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. அதன் நுழைவாயில் கல்லில் இரு கயல்களின் உருவம் இன்றும் உண்டு. பக்கத்திலேயே சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இருக்கிறது. அந்தக் கயல் உருவம் பாண்டியர் சின்னம் என்பது பொதுவான கருத்து. கோணேசரை வழிபட வருவோர் இந்த வாசலைக் கடந்தே மலையேற வேண்டும்.

விளைவுகள்

சாவகர் ஆட்சி நீடிக்கவில்லை. 1280களில் மாறவர்மன் குலசேகரபாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவவைத் தாக்கிப் புனிதப் பல்லை மதுரைக்குக் கொண்டுபோனான். சிங்கள அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் சென்று வேண்டி அதை மீட்டுவந்தான். சாவகருக்குப் பின் வடக்கில் ஆரியச்சக்கரவர்த்திகளின் யாழ்ப்பாண அரசு எழுந்தது. சாவகச்சேரி, சாவகன்கோட்டை ஆகிய ஊர்ப்பெயர்களை அறிஞர்கள் சாவகர் குடியிருப்போடு தொடர்புபடுத்துவர்.