முத்துலட்சுமி அம்மையாரின் ஒரு கடிதம்

நம் திருவரங்குளத்துக்கு அருகே, புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் வகித்த பதவிகள் பாடப்புத்தகத்தில் உள்ளன. அவர் மனதை அறிய அவரது கடிதங்களைப் படிக்க வேண்டும்.

1929-ல் காந்தியடிகள் ஆந்திராவில் பயணம் செய்தபோது, மக்களின் அன்றாடப் பழக்கங்கள் மாற வேண்டும் என்று பேசினார். அதைப் படித்துவிட்டு அம்மையார் அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு மருத்துவராகத் தாம் அதை ஏற்பதாகவும், ஆனால் சுகாதாரமும் சீர்திருத்தமும் பெண் கல்வி வழியாகத்தான் வரும் என்றும் சொன்னார். இளவயது மணம் பெண்ணின் வளர்ச்சியையே வெட்டுகிறது என்றும் எழுதினார். காந்தியடிகள் அதன் ஒரு பகுதியை 'யங் இந்தியா'வில் வெளியிட்டார்.

பெண்களைப் பற்றிப் பொதுவாக எழுதியது போலத் தோன்றும். ஆனால் அது அவர் வாழ்ந்த வாழ்க்கை. தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். எதிர்ப்புக்கு நடுவே, மன்னர் அனுமதித்ததால் மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படித்தார். 1912-ல் மருத்துவரானார். இளவயதில் மணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார்.

அவரது கடிதங்களும் தாள்களும் முன்பு நேரு நினைவு நூலகம் என்று அழைக்கப்பட்ட டெல்லி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நம் வீட்டு ஆத்தா, அப்பாயி எழுதிய இன்லேண்டு கடிதங்களோ பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. டிரங்குப் பெட்டியில் ஒன்றிரண்டு கிடந்தால், போடுவதற்கு முன் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.